நேரமே ஊற்றிய பால்

போன வாரம் ஆபீஸில் அப்ரைசல் படிவம் நிரப்பச் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. படிவத்தின் மேல் பாதியை சிஸ்டமே நிரப்பிக் கொடுத்துவிடும். முடித்த டிக்கெட்டுகள் (எங்களிடம் வந்து சேர்கிற ஒவ்வொரு புகாருக்கும் வேலைக்கும் அதுதான் பெயர்) எத்தனை, எடுத்துக்கொண்ட சராசரி நேரம் எவ்வளவு என்று எல்லாம் வரிசையாக இருக்கும். என் பெயருக்கு நேராக 143 டிக்கெட் என்று இருந்தது. அந்த 143-இல் ஒன்று நான் தப்பாக மூடிய டிக்கெட். மூடியது ஒரு கணக்கு, மூன்று வாரம் கழித்து அதைத் திரும்பத் திறந்து ஒழுங்காகச் சரிசெய்து மூடியது இன்னொரு கணக்கு. ஆக, செய்த தப்புக்கும் சேர்த்தே எனக்கு மார்க் விழுந்திருக்கிறது. கீழே ‘இந்த ஆண்டில் நீங்கள் கற்றுக்கொண்டவை’ என்று ஒரு பெட்டி. 500 எழுத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. ஸ்பிரிங் பூட், எஸ்க்யூஎல், கொஞ்சம் டாக்கர் என்று அடித்து அனுப்பிவிட்டேன். பொய் கிடையாது. ஆனால் அனுப்பியதிலிருந்து அந்தத் தப்பாக மூடிய டிக்கெட்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 500 எழுத்தில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். படித்தது மெக்கானிக்கல். லேத்தும் தெர்மோடைனமிக்ஸும் நாலு வருடம் படித்துவிட்டு ஆறு மாதம் கோர்ஸ் போய் ஐடிக்கு வந்து சேர்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு சின்ன கம்பெனி. மொத்தமே முப்பது பேருக்குள்தான். எங்களுக்கு இருக்கும் கிளையண்டுகளில் ஒன்று தனியார் பால் நிறுவனம். கிராமங்களில் அவர்களுக்குப் பால் கொள்முதல் மையங்கள் இருக்கின்றன. காலையும் மாலையும் மாடு வைத்திருப்பவர்கள் அங்கே பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அனலைசர் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் திடப்பொருள்) பார்த்துச் சொல்லும், மையத்துக்காரர் லிட்டரையும் அந்த அளவுகளையும் போனில் இருக்கிற எங்கள் ஆப்பில் போடுவார், விலையை ஆப் கணக்குப் போடும், பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. அந்த ஆப்புக்குப் பின்னால் சர்வரில் இருக்கும் புரோகிராம் கோடுதான் நான் வந்து உட்கார்ந்த இடம்.

புரிஞ்சுதுங்கண்ணா

சேர்ந்த இரண்டாம் மாதம் எனக்கு கேடி, அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், கொடுத்தார்கள். கேடி என்றால் என்ன என்று இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவர் மூன்று வருடம் கட்டி எழுப்பியதை நான்கு மணி நேரத்தில் இன்னொருவர் தலைக்குள் இறக்குகிற சடங்கு அது. எங்கள் டீம் லீட், ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணாதான், ஸ்கிரீனைப் பெரிய டிவியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து ஓட்டினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி “புரிஞ்சுதா?” என்பார். நான் “புரிஞ்சுதுங்கண்ணா” என்பேன். கோயம்புத்தூர் வந்த ஒரு மாதத்திலேயே ‘ங்க’ ஒட்டிக்கொண்டுவிட்டது. புரிதல்தான் இன்னும் வந்து ஒட்டவில்லை.

இந்த ‘புரிஞ்சுது’ எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் நேராக ஆறாம் வகுப்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. வாத்தியார் போர்டில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி, “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று கேட்பார். வகுப்பே சேர்ந்து ராகம் போட்டு “புரிஞ்சுது சாஆஆர்” என்று கத்தும். அது ஒரு பதிலே இல்லை, மணி அடிப்பது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். “புரியாதவன் எந்திரி” என்பது அடுத்த வரி. அப்படி எழுந்து நின்ற ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். “இவ்வளவு நேரம் எங்கடா பாத்துக்கிட்டிருந்த?” என்று ஆரம்பித்து அந்த பீரியட் முழுக்க அவனுக்குத்தான். அதற்கப்புறம் அவன் எழுந்திருக்கவே இல்லை. நானும்தான். காலேஜில் ரெகார்டு நோட்டைப் பார்த்து எழுதி, வைவாவில் தலையாட்டி, கேம்பஸில் தலையாட்டி, இங்கே வந்தும் தினம் பத்து மணி ஸ்டாண்டப் மீட்டிங்கில் “நேத்து இது பண்ணேன், இன்னைக்கு இது பண்றேன், பிளாக்கர் எதுவும் இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலையைத் தடுக்கிற சிக்கல் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ‘பிளாக்கர் எதுவும் இல்லை’ என்பது ‘புரிஞ்சுது சாஆஆர்’ என்பதன் பேன்ட் சட்டை போட்ட வடிவம். யாராவது மறுத்தால் பேசலாம்.

அந்த கேடியில் ஒரு இடம் எனக்கு உறுத்தியது. மையத்தில் சிக்னல் சரியாக இருக்காது என்பதால் ஆப் ஒவ்வொரு பதிவையும் போனிலேயே சேமித்து வைத்துக்கொண்டு, நெட் கிடைக்கும்போது அனுப்பும். பதில் வரவில்லை என்றால் திரும்ப அனுப்பும். ஒரே பால் இரண்டு முறை வந்து இரட்டைக் கணக்கு ஏறிவிடக் கூடாது இல்லையா, அதனால் சர்வரில் ஒரு ஏற்பாடு: உறுப்பினர் எண், நாள், வேளை மூன்றும் ஒன்றாக இருந்தால் அது புதுப் பதிவு இல்லை, பழையதன் மேலேயே எழுதிக்கொள். நல்ல ஏற்பாடுதான், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘நாள்’ என்பதை அந்தக் கோடு எப்படி எடுக்கிறது என்று பார்த்தால், நேரத்தை யூடிசிக்கு, அதாவது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து தேதியைப் பிய்த்து எடுத்தது. என் நோட்டில் எழுதினேன்: “நாள் = யூடிசி தேதி. ஏன்?” அந்த ‘ஏன்’ மேல் வட்டம்கூடப் போட்டேன். அண்ணா திரும்பி “புரிஞ்சுதா?” என்றார்.

வேறென்ன சொல்லியிருப்பேன்.

ராத்திரி ரூமுக்கு வந்து ஏஐயிடம் கேட்டேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை ராத்திரி பதினோரு மணிக்கு இயந்திரத்திடம் கேட்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அது முகத்தைச் சுளிக்காது. சர்வரில் நேரத்தை ஏன் யூடிசியில் வைக்கிறார்கள் என்று கேட்டேன். அதுதான் நல்ல வழக்கம் என்று காரணங்களோடு அழகாகச் சொன்னது. சொன்னது அத்தனையும் சரி. நேரத்தை யூடிசியில் வைப்பது சரிதான். ஆனால் நான் கேட்டிருக்க வேண்டியது நேரத்தைப் பற்றி இல்லை, நாளைப் பற்றி. ஒரு நொடி என்பது உலகத்துக்கே பொது. நாள் அப்படி இல்லை, அது ஊருக்கு ஊர் வேறு. கோயம்புத்தூர்ப் பக்கத்து அன்னூரில் செவ்வாய்க்கிழமை விடியும் முன் பால் கறந்துகொண்டிருக்கும்போது கிரீன்விச்சில் இன்னும் திங்கள் ராத்திரிதான். இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அன்றைக்குப் பாதிக் கேள்வியைக் கேட்டு, முழுப் பதில் கிடைத்த திருப்தியில் தூங்கிவிட்டேன்.

‘அன்று வரவில்லை’

நவம்பரில் பால் நிறுவனம் வண்டி ரூட்டை மாற்றியது. அது எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியம் இருப்பதாகவும் யாரும் நினைக்கவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரம் சப்போர்ட்டிலிருந்து எனக்கு ஒரு டிக்கெட் வந்தது. மையத்துக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டியிருந்தார்கள்: “8-ம் தேதி காலை நேரமே ஊத்துன பாலு கணக்குல ஏறல.”

டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். அந்த உறுப்பினருக்கு 7-ஆம் தேதி காலை பதிவு இருக்கிறது. 9-ஆம் தேதி காலை இருக்கிறது. 8 இல்லை. மாலை வேளைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. லாக்கில் எரர் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அதே மையத்தில் வேறு சிலருக்கு 8-ஆம் தேதிப் பதிவு இருக்கிறது, ஆகவே மையம் வேலை செய்திருக்கிறது. அப்புறம் என்ன? “தரவு சரியாக உள்ளது. உறுப்பினர் அன்று பால் ஊற்றவில்லை” என்று எழுதி மூடினேன். பன்னிரண்டு நிமிடம். சராசரியைக் குறைக்கிற மாதிரி ஒரு டிக்கெட்.

அந்த வாக்கியத்தில் ‘நேரமே’ என்று ஒரு சொல் இருந்தது. எனக்கு அது தெரியாத சொல். நேரத்துக்கு என்பதைத்தான் ஏதோ அப்படி அடித்திருக்கிறார்கள், ‘நான் கரெக்ட் டைமுக்கு ஊற்றினேனே’ என்று அந்த உறுப்பினரம்மா சண்டை போட்டிருப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். சப்போர்ட்டில் இருப்பவர் அவினாசிக்காரர். என் இடத்திலிருந்து எட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும், சொல்லியிருப்பார். தமிழ் தெரியாமல் தமிழ்நாட்டில் நிற்கிறவன் மாதிரி ஆகிவிடுமே என்றுகூட இல்லை, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. புரியாத ஒன்றை, புரிந்த ஏதோ ஒன்றாக மாற்றிக்கொண்டு மேலே போவது எனக்கு அவ்வளவு பழகியிருந்தது.

மாதக் கடைசியில் அது திரும்பத் திறந்துகொண்டது. இந்த முறை ஒரு போட்டோவும் வந்திருந்தது. அந்த உறுப்பினரின் நாற்பது பக்க நோட்டு, நீல மையில் தேதி, கா, மா, லிட்டர். கூடவே வேறு நான்கைந்து பேரின் புகாரும், கிளையண்ட் பக்கத்து மேனேஜரின் சூடான ஒரு மெயிலும். அண்ணா என்னைக் கூப்பிட்டு, “இங்க உக்காந்து பாத்தா தெரியாது. சப்போர்ட்டைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் காலைல நேர்ல போய்ப் பாத்துட்டு வா” என்றார்.

மார்கழி, காலை ஐந்தே கால்

நாலு மணிக்கு முன்னாலேயே கிளம்பினோம். அவர் பைக், நான் பின்னால், இரண்டு பேர் காதிலும் மப்ளர். குரும்பபாளையம், கோவில்பாளையம் தாண்டும்போதே ஏதோ ஒரு கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. அன்னூரில் ஒரு டீ. அங்கிருந்து புளியம்பட்டி போகிற வழியில் உள்ளே திரும்பினால் மையம். மையம் என்றால் ஏதோ கட்டிடம் இல்லை, ஒரு வீட்டின் முன்பக்கத்தில் தகரம் போட்டு இறக்கிய இடம். ஒரு டியூப்லைட், ஒரு எலெக்ட்ரானிக் தராசு, ஒரு அனலைசர், வரிசையாக அலுமினியக் கேன்கள். பால் வாசனையும் ஈரத் தரை வாசனையும் கலந்து அடித்தது. வரிசையில் பத்துப் பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். ஊற்றுவது, சின்னக் கப்பில் சாம்பிள் எடுப்பது, அனலைசர் குழாயை அதில் விடுவது, அது உர்ரென்று ஓடி நின்று 4.1, 8.4 என்று காட்டுவது, போனில் அடிப்பது. ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வருடத்தில் அந்த ஆப்பின் ஸ்கிரீனை நூறு முறை பார்த்திருப்பேன். பால் ஈரம் பட்ட கட்டை விரலால் அதை அமுக்கும்போது இரண்டு முறை அமுக்கினால்தான் வேலை செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது வேறு டிக்கெட்.

நோட்டுக்காரம்மா வந்தபோது மணி ஐந்தே கால். அறுபது வயது இருக்கலாம். சப்போர்ட் நண்பர் என்னைக் காட்டி, “கம்ப்யூட்டர்ல இதையெல்லாம் எழுதறவரு இவருதானுங்க” என்று சொல்லிவிட்டார். எனக்கு ஓடிப்போய் பைக்குக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம் போல இருந்தது. அந்தம்மா கோபப்படவில்லை. வாளியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

“எழுதறது நீதானா கண்ணு? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நேரமே வந்து ஊத்துனாத்தான் கணக்குல வரமாட்டேங்குது. கொஞ்சம் வெளிச்சம் வந்தப்பறம் வந்து ஊத்துனா வந்துருது. அது ஏன் அப்படி?”

இந்த இடத்தில் நான் வழக்கமாகத் தலையாட்டியிருப்பேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பேன். தூக்கக் கலக்கமா, குளிரா தெரியவில்லை, வாயிலிருந்து கேள்வி வந்துவிட்டது.

“நேரமேன்னா என்னங்கம்மா?”

வரிசையே சிரித்தது. மையத்துக்காரர் சிரித்தார், என்னைக் கூட்டிவந்த நண்பரும் சிரித்தார். அந்தம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “நேரமேன்னா நேரமேதான்” என்றார். அப்புறம் கிழக்கே கையைக் காட்டி, “பொழுது விடியறதுக்கு முன்னால, கண்ணு. நேரமே எந்திரிச்சேன், நேரமே வந்துட்டேன்னு சொல்ல மாட்டாங்களா?” என்றார். எங்கள் ஊரில் அதற்கு வெள்ளனமே என்போம்.

அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ முறை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சிரித்தார்கள், அவ்வளவுதான். வாத்தியார் வரவில்லை. அந்த பீரியட் முழுக்க யாரும் என்னைத் திட்டவில்லை. அடுத்த ஆள் வாளியை நகர்த்தினார், அனலைசர் உர்ரென்றது. ஆனால் எனக்குள் ஒன்று கழன்று விழுந்தது. 8-ஆம் தேதி காலை நேரமே ஊற்றிய பால். ‘விடியும் முன் ஊற்றிய பால்’ என்று அந்த டிக்கெட்டிலேயே, முதல் நாளே, எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எந்த நிபந்தனையில் பிழை வருகிறது என்று டெவலப்பர்கள் மணிக்கணக்கில் தேடுவோமே, அதை இந்தம்மா நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்து, இரண்டு பேர் வழியாக எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் பன்னிரண்டு நிமிடத்தில் மூடியிருக்கிறேன்.

போனை எடுத்து எங்கள் டேட்டாபேஸ் டேபிளைத் திறந்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நோட்டில் காலைப் பால்: 9-ஆம் தேதி 6.8, 10-ஆம் தேதி 7.4, 11-ஆம் தேதி 7.1, 12-ஆம் தேதி 7.3. எங்கள் டேபிளில்: 9-ஆம் தேதி 7.4, 10-ஆம் தேதி 7.1, 11-ஆம் தேதி 7.3, 12 காலி. எல்லா எண்ணும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. 6.8 மட்டும் எங்கும் இல்லை.

“9-ஆம் தேதி மட்டும் லேட்டா வந்தீங்களாம்மா?”

“அன்னைக்குத் தண்ணி விட்டாங்க கண்ணு. நாலு நாளைக்கு ஒருக்கா வருது. குடத்தையெல்லாம் ரொப்பி வெச்சுட்டுத்தான வர முடியும்? பால் வண்டி போறதுக்குள்ள ஓடியாந்தேன்.”

எனக்கு என் நோட்டின் வட்டம் போட்ட ‘ஏன்’ ஞாபகம் வந்தது. இந்தியாவின் பொது நேரம் கிழக்கு 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து எடுத்தது. பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம், ஆக யூடிசிக்கு நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். நம் ஊரில் காலை 5:30 ஆனால்தான் யூடிசியில் அந்தத் தேதியே பிறக்கும். தண்ணீர் வந்த 9-ஆம் தேதி அந்தம்மா ஐந்தே முக்காலுக்கு வந்தார், பால் 9-இல் விழுந்தது. 10-ஆம் தேதி ஐந்தே காலுக்கு வந்தார், எங்கள் சர்வருக்கு அது இன்னும் 9-ஆம் தேதிதான். அதே உறுப்பினர், அதே நாள், அதே காலை வேளை. ‘ஓ, இது ஏற்கெனவே வந்ததுதான்’ என்று சர்வர் 6.8 மேல் 7.4-ஐ எழுதிவிட்டது. 11 வந்து 10-இல், 12 வந்து 11-இல். 13-ஆம் தேதி மறுபடி தண்ணீர், லேட், நேராக 13. நடுவில் 12 காலி. அந்தம்மா வரவில்லை என்று நாங்கள் அடித்துச் சொன்ன நாள் ஒன்று, உண்மையில் பால் தொலைந்த நாள் வேறொன்று. எங்கள் டேபிளில் ஓட்டை விழுவது அவர் தெருவில் தண்ணீர் திறந்துவிடும் நாளைப் பொறுத்து இருந்திருக்கிறது.

வண்டி ரூட் மாறுவதற்கு முன்னால் மையமே ஐந்தே முக்காலுக்குத்தான் திறக்கும். அதனால் மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லை. எங்கள் லேப்டாப்புகளில் எத்தனை முறை டெஸ்ட் செய்திருந்தாலும் தெரிந்திருக்காது, ஆபீஸில் யார் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து டெஸ்ட் செய்கிறார்கள்? சர்வர் இருப்பது என்னவோ மும்பையில்தான். ஆனால் அந்தத் தேதிக் கணக்கு மட்டும் லண்டனில் நின்றுகொண்டிருந்தது. 6.8 லிட்டர், லிட்டருக்கு 34 ரூபாய் வைத்தால் 231 ரூபாய் 20 காசு. நான்கு நாளைக்கு ஒருமுறை.

அண்ணாவுக்கும்

சரிசெய்தது ஒரே வரி. தேதியை எடுக்கும்போது ‘ஏசியா/கொல்கத்தா’ நேரத்தில் எடு என்று சொல்ல வேண்டும். கணினிகளின் நேர மண்டலப் பட்டியலில் இந்தியாவுக்கு அதுதான் பெயர், டெல்லியும் கிடையாது, சென்னையும் கிடையாது. அன்னூர்ப் பாலை அன்னூர் நாளில் சேர்க்கக் கொல்கத்தாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. வேலை அதோடு முடியவில்லை. தப்பான தேதியில் நின்ற பதிவுகளை, அவற்றோடு சேமித்திருந்த நேரத்தை வைத்து இடம் மாற்றிவிடலாம். மேலே எழுதப்பட்டு அழிந்தவற்றை என்ன செய்வது? சமீபத்திய சில மையத்துப் போன்களில் கிடைத்தன. மற்றவற்றுக்கு உறுப்பினர்களின் நோட்டுகளை போட்டோ எடுத்து வாங்கினோம். இரண்டு மையங்களில் நாற்பது பதிவுக்குக் கொஞ்சம் மேல். நோட்டு வைக்காதவர்களுக்கு, அந்த வாரத்துச் சராசரியைப் போட்டுக் கொடுக்க பால் நிறுவனம் ஒத்துக்கொண்டது. அது சரியான கணக்கா என்றால், இல்லை. அதற்கு மேல் எங்களிடம் வழி இல்லை.

நடந்ததை எழுதி வைப்பதற்காக ஒரு மீட்டிங் போட்டார்கள். முந்தின ராத்திரி அண்ணா எனக்கு ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். 2017 ஜனவரி 31-இல், மற்றவர்களின் புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த முக்கிய டேட்டாபேஸின் ஃபோல்டரையே அழித்துவிட்டார். ஒன்றிரண்டு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் என்று நம்பியிருந்தவை ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. அவர்கள் அதை மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே ஓட்டினார்கள். பிறகு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று முழு அறிக்கையும் வெளியிட்டார்கள். யார் செய்தது என்பதைவிட, ஒரே ஒரு ஆள் தவறினால் இவ்வளவு ஆகும்படி ஏன் விட்டுவைத்திருந்தோம் என்பதே அதில் பெரிய கேள்வி. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் கதையை நான் ரூமில் படுத்துக்கொண்டு படிப்பதும், என் கதையை நான் மீட்டிங்கில் சொல்வதும் ஒன்றா?

மீட்டிங்கில் எல்லாம் சுமுகமாகப் போனது. தேதிக் கணக்கில் பிழை, ரூட் மாறியதால் வெளியே வந்தது, சரிசெய்தாகிவிட்டது. நான் டிக்கெட்டைத் தப்பாக மூடியதைக்கூட ‘போதிய தகவல் இல்லாததால்’ என்று யாரோ பெருந்தன்மையாக எழுதிவிட்டார்கள். அப்படியே விட்டிருக்கலாம். என் நோட்டில் இருந்த ‘ஏன்’ என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. போதிய தகவல் இருந்தது என்பதும் எனக்குத்தான் தெரியும். ஐந்து நிமிடம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, நோட்டைத் திறந்து மேசையில் வைத்தேன். “ஜூலைலயே இது எனக்கு டவுட்டுங்கண்ணா. நீங்க புரிஞ்சுதான்னு கேட்டப்ப புரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்.”

அண்ணா நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீ கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிஞ்சிருக்காதுப்பா” என்றார். “அது எனக்கு முன்னால இருந்தவர் எழுதுனது. எனக்கும் அந்த வரி இடிச்சுது. ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். அவர் போறப்ப எனக்கு கேடி கொடுத்தாரு, நானும் புரிஞ்சுதுன்னுதான் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு உடனே நிம்மதி வந்தது, அதைவிட வேகமாக ஒரு பயமும் வந்தது. நிம்மதி எதனால் என்று சொல்லவேண்டியதில்லை. பயம் ஏன் என்றால், எனக்குத் தெரியாதது எல்லாம் மேலே யாருக்கோ தெரியும் என்ற நம்பிக்கையில்தான் நான் அதுவரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு அவருக்கு முந்தினவர் மேல் நம்பிக்கை, அவருக்கு யார் மேலோ. அந்த வரிக்குக் காரணம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. யாரோ ஒருவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது, ஓடியது, விட்டுவிட்டார்கள்.

இதற்கப்புறம் நான் எல்லாவற்றையும் கேட்கிற ஆளாக மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. இப்போதும் கிளையண்டோடு பேசும் போன் காலில் இங்கிலீஷ் வேகமாக ஓடினால் ‘யெஸ் யெஸ்’ என்றுதான் வாய் போகிறது, கால் முடிந்ததும் “அவர் என்ன சொன்னாருங்க?” என்று பக்கத்தில் கேட்கிறேன். ஸ்டாண்டப்பில் மட்டும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ‘இது எனக்குப் புரியலைங்க’ என்று சொல்கிறேன். சொல்லும்போது காது சூடாகிறது. கேடியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, அண்ணா இப்போது “புரிஞ்சுதா?” என்று கேட்பதில்லை. “எங்க, நீ இப்ப எனக்கு இதைச் சொல்லு பாக்கலாம்” என்கிறார். ரொம்ப இம்சையாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாளே வேர்த்துப்போய் வெளியே வந்தான்.

அந்த ஒரு வரிக்கு மேலே கோடில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், ‘நேரமே ஊற்றுகிறவர்களுக்காக. மாற்றும் முன் கேட்கவும்’ என்று. ரிவியூவில் தமிழில் எழுதாதே என்று ஒருவர் சொன்னார், அண்ணா இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பிப்ரவரியில் மையத்துக்காரர் சப்போர்ட்டுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். அந்தம்மாவின் பத்து நாள் சீட்டு, பக்கத்திலேயே நோட்டு. 5:12, 5:09, 5:44, 5:11. இரண்டு பக்கமும் எண்கள் ஒத்துப்போயின, ஒரு வேளைகூடக் காலி இல்லை. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: கணக்கெல்லாம் சரியாக வருகிறதாம், ஆனால் அந்தம்மா நோட்டை நிறுத்த மாட்டேன் என்கிறாராம், இனிமேல் எழுத வேண்டாம் என்று ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாராம். சப்போர்ட் நண்பர் என்னிடம் வந்து என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

எழுதட்டும் என்றேன்.